சின்ன பிளேனும் ஒரு மடியும்

நாலாம் நம்பர் லயம்,
மேல் டிவிசன்,
லுணுகலை.
14.03.2024

அடியே விசயா,

சரி, நான் பொய்க்காரன்தான். மொத வரியிலயே ஒத்துக்கிட்டேன், இனி அத வச்சு நீ சண்ட போட முடியாது. ஆனா பிளேனு பொய் இல்ல. "காதுகுத்துக்கு வராம இருக்க இப்பவே கத கட்டுறியா"ன்னு எழுதியிருக்க. ஆறு மாசம் கழிச்சு வர்ற காதுகுத்துக்கு இப்பவே கத கட்ட நான் என்ன வேல வெட்டி இல்லாதவனா? ஆமா, வேல வெட்டி இல்லாதவன்தான். தேயிலத் தோட்டத்துல வயசாச்சுன்னு பேரு வெட்டி பதினாலு வருசம் ஆச்சு.

நாங்க ரெண்டு கெழடும் உசிரோட இருக்கோம். ஒன் மதினிக்கு முட்டி வலி. ஒனக்குக் காது எப்புடி? சொட்டு மருந்து விடுறியா, இல்ல மூக்குல போடுற பொடியத்தான் காதுலயும் போடுறியா?

மறுபடியும் சொல்றேன், பொறுமையா படி. திருச்சில எங்கள ஏத்திவிட்டுட்டு நீங்க அழுதுகிட்டே பஸ்ஸேறிப் போனீங்களே, அந்த பிளேனு. முக்கா மணி நேரம் நல்லாத்தான் வந்துச்சு. கடலு முடிஞ்சு தென்ன மரம் தெரியுது. எறங்கப் போறோம்னு சொல்லிட்டாங்க. அந்த நேரம் பாத்து சன்னலுக்கு நேரா ஒரு சின்ன பிளேனு. ரெண்டு பேரு ஒக்காரக்கூடியது. நம்ம தோட்டத்துப் பழைய ஜீப்புக்கு றெக்க வச்சா எப்புடி, அப்புடி. குறுக்க மாடு வந்தா லொரிக்காரன் எப்புடி வெட்டி எடுப்பான், அந்த மாதிரி நம்ம ஆளு பெரிய பிளேன மேல தூக்குனான். அப்பறம் கீழ போட்டான். வயிறு வாய் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு திரும்பிப் போச்சு. அம்புட்டுத்தான். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எறங்குனோம், பஸ்ஸேறுனோம், பதுளைக்கு வந்தோம், டீ குடிச்சோம்.

ஆனா எனக்கு இனி பிளேனு ஒத்துக்காது. கப்பலு விட்டா வர்றேன். இல்லாட்டி நீந்தி வர்றேன். பாப்பாவுக்கு வேற நல்ல மடியாப் பாரு.

ஒன் பொய்க்கார அண்ணன்,
முருகையா

*

கோத்தகிரி
09.04.2024

அண்ணனுக்கு விஜயலெட்சுமி எழுதுறது.

இங்க நான், மக ஜெயந்தினி, மருமகன், பாப்பா எல்லாரும் சொகம். மதினிய முட்டிக்கு வேப்பெண்ண தடவச் சொல்லு. போன்ல கூப்புடாத. ஜெயந்தினி போனுல ஒன் வாய் அசையுறது தெரியுது, சத்தம் வரல. மீன் மாதிரி இருக்க. காயிதமே போடு.

ஜெயந்தினி எல்லா எடத்துலயும் தேடிப் பாத்தா. அப்புடி ஒரு நியூசும் இல்ல. பிளேனு மோதப் பாத்துச்சுன்னா பேப்பருல வராதா?

எழுவத்திநாலுல நாங்க இந்தியாவுக்குன்னு பதுள ஸ்டேசன்ல ரயிலேறுன அன்னைக்கு நீ வரல. அம்மா கடைசி நிமிசம் வரைக்கும் ஒனக்காக ரயிலு வாசல்லயே நின்னுச்சு. கேட்டதுக்கு, சிறுத்தை வந்து கக்கூசு வாசல்ல படுத்துக்கிச்சு, வெளிய வர முடியலன்னு காயிதம் போட்ட. அந்தச் சிறுத்தைக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாம அம்பது வருசம் ஓட்டிட்டேன். இப்ப பிளேனு.

ஒனக்குத் தெரியாததா? ஜெயந்தினி ஒத்தப் புள்ள. அவ பதினோரு வருசம் கோயில் கோயிலா ஏறி எறங்கி பெத்த புள்ளைக்குத் தாய்மாமன்னு ஒருத்தன் இல்ல. காது குத்துறப்ப மாமன் மடியிலதான் ஒக்கார வைக்கணும். "ஒனக்கு மாமன் நான், ஒன் மகளுக்கும் நான்தான்"னு ஜெயந்தினிகிட்ட நீயாத்தான் சொன்ன. நாங்க கேக்கல. பாப்பா ஒன் மேல மூத்திரம் பேஞ்சப்ப, இனி இந்த மடிக்கு முத்திர குத்தியாச்சுன்னு எல்லாரையும் சிரிக்க வச்ச.

ஆவணி இருவத்திமூணு, ஞாயித்துக்கெழம. புள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். கோயில்ல சொல்லியாச்சு, ஆசாரிகிட்டயும் சொல்லியாச்சு. ஒனக்குப் புள்ள இல்லன்னு இங்க ரெண்டு பொம்பளைக பேசுறாளுக, புள்ள பொறக்காதவன் மடியான்னு. நான் காது கேக்காதவ. எனக்கு அது கேக்கல. நீ வா.

விஜயா

*

லுணுகலை
02.05.2024

தங்கச்சிக்கு,

இங்க நல்ல மழ. நாங்க நனஞ்சாலும் நல்லாத்தான் இருக்கோம். ஒங்க ஊருக் குளிரு கொறஞ்சுச்சா? நான் வந்தப்ப போட்டிருந்த அந்தப் பச்ச ஸ்வெட்டர கழட்டினியா, இல்ல அது ஒன்னோடயே வளந்துருச்சா? அந்த ரெண்டு பொம்பளைகளுக்கும் என் வணக்கத்தச் சொல்லு. அவங்க சொல்றதுல தப்பு இல்ல.

நியூசு வரலன்னு கேட்டிருக்க. மோதியிருந்தா நியூசு. மோதாததுக்கு யாரு நியூசு போடுவா? நீ தெனமும் வாசப்படியில வழுக்கி விழாமத்தான் இருக்க. அத எந்தப் பேப்பருலயாவது போட்டாங்களா?

அந்தச் சின்ன பிளேனுக்காரன நான் பாத்தேன் விசயா. செவப்புத் தொப்பி போட்டிருந்தான். எதையோ மெண்டுக்கிட்டு இருந்தான். கச்சான் கடலையோ என்னமோ. நம்மள அவன் பாக்கவே இல்ல. எம்புட்டுப் பெரிய பிளேனு, நூத்தம்பது சனம், ஒரு கூச்சல், ஒண்ணும் அவனுக்குத் தெரியல. அவன் பாட்டுக்கு முன்னால பாத்து மெண்டுக்கிட்டே போயிட்டான். இங்க நான் சோத்த வாயில வச்சா அவன் ஞாபகம் வருது. மெல்லுறேன், ருசி தெரியல. மதினி கூட உப்ப ரெண்டு தடவ போட்டுப் பாத்தா.

சன்னல் சீட்டுல நான் இல்ல. நான் நடுவுல. நடக்குற பக்கம் மதினி. சன்னல் பக்கம் அக்கரைப்பத்துப் பொண்ணு ஒண்ணு, ஸிஹாமான்னு பேரு, கைப்புள்ளக்காரி. புருசன் பின்னாடி எங்கயோ சீட்டு கெடைச்சுப் போயிட்டாரு. புள்ள நம்ம பாப்பா பருமன்தான். ஏறுனதுலருந்து எம் மீசையப் புடிச்சு தொங்கிக்கிட்டு வந்துச்சு. நானும் கொழுந்து பறிக்கிறேன்னு சொல்லி அதோட மூக்கப் பறிச்சுக்கிட்டு வந்தேன். பிளேனு தூக்குன நேரம் அந்தப் பொண்ணு

நேத்து இந்த எடத்துல கூர ஒழுகி காயிதம் நனஞ்சுருச்சு. இன்னைக்குக் காய வச்சு எழுதுறேன். தகரம் ஓட்டையாப் போச்சு. ஆவணில மாத்தணும். அதனால வர ஏலாது.

அண்ணன்

*

கோத்தகிரி
27.05.2024

அண்ணே,

எல்லாரும் சொகம். பாப்பாவுக்குக் கீழ ரெண்டு பல்லு மொளச்சிருக்கு. ஜெயந்தினி வெரல விட்டுப் பாத்து கடி வாங்கிட்டா. மதினி முட்டி எப்புடி? நீ சோறு திங்கிறியா?

தகரத்த ஐப்பசில மாத்து.

அந்தப் பொண்ணுன்னு எழுதிட்டு தகரத்துக்குத் தாவிட்ட. நீ ஒரு கதய முடிக்காம விட்டு நான் பாத்ததில்ல. சிறுத்தைக்குக் கூட வாலு எத்தன மொழம்னு எழுதுனவன் நீ. அந்தப் பொண்ணு என்ன செஞ்சுச்சு? புள்ளைக்கு என்னாச்சு?

விஜயா

*

லுணுகலை
30.06.2024

தங்கச்சிக்கு,

ஒன் காயிதம் வந்து மூணு வாரம் ஆகப்போகுது. தாமசம்னு கோவிக்காத. எழுத ஒக்காந்தா பேனா நிக்கல.

பாப்பாவுக்குப் பல்லு வந்தது சந்தோசம். எனக்கு ஒண்ணு விழுந்துச்சு. குடும்பத்துல எண்ணிக்க சரியாத்தான் இருக்கு.

எனக்கு இப்ப கை ரெண்டும் மரத்துப் போகுது. மணிக்கட்டுலருந்து கீழ. போன வாரம் கொதிக்கிற டீ கிளாச புடிச்சுக்கிட்டு நின்னேன், சூடு தெரியல. மதினிதான் பாத்து புடுங்கி வச்சா. உள்ளங்கை செவந்து போயிருக்கு, எனக்கு அது யாரோட கையோன்னு இருக்கு. பதுள ஆசுபத்திரிக்குப் போயி லைன்ல நின்னு காட்டுனேன். டொக்டர் சின்னப் பொண்ணு. ஊசியால குத்தி, "வலிக்குதா ஐயா"ன்னுச்சு. வலிக்குது மக, ஆனா பக்கத்து வீட்டுக்காரனுக்கு வலிக்குதுன்னு சொன்னேன். சிரிச்சுச்சு. நரம்பெல்லாம் நல்லாருக்காம். ஒண்ணும் இல்லையாம். வயசுன்னு எழுதிக் குடுத்துச்சு.

காலைல எந்திரிக்கிறேன், வாசல் இஸ்தோப்புல ஒக்காருறேன், பொழுது போயிருது. முந்தாநாளு கோழிக்கு அரிசி போட்டேன். கடைசில பாத்தா அது பக்கத்து வீட்டுக் காம்பரா கோழி. நம்ம கோழி என்னய பாத்துக்கிட்டே நிக்குது.

இந்தக் கைய வச்சுக்கிட்டு புள்ளய மடியில எப்புடி வைக்க? நழுவிருச்சுன்னா ஆசாரி எங் காதக் குத்திருவான்.

நீ கேட்டதுக்கு: அந்தப் பொண்ணும் புள்ளையும் நல்லாருக்காங்க.

அண்ணன்

*

கோத்தகிரி
20.07.2024

அண்ணன் அவர்களுக்கு,

நாங்க நலம். நீங்களும் மதினியும் நலமா இருக்கணும்.

கை மரத்தா மரத்த கையோட வாங்க. புள்ளய நழுவ விட நாங்க விடமாட்டோம். சுத்தி நிப்போம். ஒரு மொட்ட போட்டு ஒரு காது குத்துற நேரம். பிளேனு, தகரம், கை, இது மூணும் வேணாம். காரணத்தச் சொல்லுங்க.

சொல்லலன்னா ஜெயந்தினிக்கு அப்பா வழில அண்ணன் மொறக்காரன் ஒருத்தன் குன்னூருல இருக்கான். அவன் மடியில வைக்கணும். அவங்க வீட்டோட எட்டு வருசமாப் பேச்சு இல்ல. ஜெயந்தினி அப்பா செத்ததுக்கே அவங்க வரல. நான் போயி வாசல்ல நின்னு கூப்புடணும். நிக்கிறேன். பாப்பாவுக்காக நிப்பேன். ஆனா இருக்குற ஒரு மாமன விட்டுட்டு ஏன் நிக்கிறேன்னு அவங்க கேட்டா என்ன சொல்ல? அத மட்டும் எழுதி அனுப்புங்க, மனப்பாடம் பண்ணிக்கிறேன்.

விஜயலெட்சுமி

*

லுணுகலை
05.08.2024

விஜயாவுக்கு மதினி றோசாலி எழுதுறது.

ஆண்டவர் புண்ணியத்துல இருக்கோம். ஒனக்கும் புள்ளைகளுக்கும் மாதா தொண செய்யணும்.

ஒன் காயிதம் வந்துச்சு. அவரு படிச்சாரு. "அண்ணன் அவர்கள்னு போட்டுட்டாடி, நான் இப்ப பெரிய மனுசன்"னு சொன்னாரு. அப்பறம் மடிச்சு வேதப் புத்தகத்துக்குள்ள வச்சுட்டாரு. பதில் எழுதல. கடைக்குப் போயிருக்காரு, அதனால நான் எழுதுறேன்.

பிளேனு வந்தது உண்ம. நானும் பாத்தேன். ரொம்பக் கிட்டத்துல வந்துச்சு.

அதுக்கு அப்பறம் நடந்தத நான் சொல்ல மாட்டேன். அது அவரு சொல்லணும். எங்கிட்டயே சொல்லல. நானும் கேக்கல. வீட்டுல பேச்சு இருக்கு. உப்பு இருக்கா, வெறகு இருக்கா, வெளக்க அணைக்கவா, அந்த மாதிரி. பகிடி விடுறாரு, நான் சிரிக்கிறதில்ல. முந்தி சிரிப்பேன்.

கை மரத்தது வியாதி இல்ல.

முட்டி பரவால்ல.

றோசாலி

*

கோத்தகிரி
19.08.2024

அண்ணே,

எல்லாரும் சொகம். பாப்பா சொவத்தப் புடிச்சு நிக்கிது.

மதினி எழுதியிருக்கா. பிளேனு வந்துச்சுன்னு இப்ப நம்புறேன். பொய்க்காரன்னு சொன்னத மனசுல வச்சுக்காத. நீ செத்திருந்தா நான் அந்தச் சேதியையும் ஒன் கதன்னுதான் நெனச்சிருப்பேன். அத நெனச்சு ஒரு நாள் பூரா எனக்கு வேல ஓடல.

கப்பல் விட்டா வர்றேன்னு எழுதியிருந்த. நாகப்பட்டினத்துலருந்து காங்கேசன்துறைக்கு விட்டுட்டாங்களாம், டிவியில காட்டுறான். இனி நீந்த வேணாம்.

குன்னூருக்கு நான் இன்னும் போகல. கடைசி வாரம் வரைக்கும் போகமாட்டேன்.

என்னமோ மிச்சம் இருக்குன்னு மதினி எழுதியிருக்கா. அத எழுது. எழுத முடியலன்னா வந்து எங் காதுல சொல்லு. எனக்குத்தான் கேக்காதே. நீ என்ன வேணும்னாலும் சொல்லலாம்.

விஜயா

*

லுணுகலை
03.09.2024

தங்கச்சி விசயாவுக்கு,

நாங்க இருக்கோம். நீங்க எல்லாரும் நோய் நொடி இல்லாம இருக்கணும்.

காலைல தபால்காரரு ஸப்ரான் ஒன் காயிதத்தக் கொண்டாந்து குடுத்தாரு. அவருகிட்டயே ஜெயந்தினி நம்பரக் குடுத்து போன்ல ஒரு வரி அனுப்பச் சொன்னேன். "மாமா வரல, குன்னூருக்காரனக் கூப்புடுங்க"ன்னு. அனுப்பிட்டாரு. அது ஒனக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். இந்தக் காயிதம் வர்ற நேரம் காதுகுத்து முடிஞ்சு புள்ள கம்மலோட இருக்கும். அது தெரிஞ்சுதான் இப்ப எழுத ஒக்காந்தேன். நான் அப்புடிப்பட்ட ஆளு.

மதினி பக்கத்துல கீர ஆஞ்சுகிட்டு இருக்கா. எழுத எழுத அவளுக்கும் வாசிச்சுக் காட்டுறேன். ரெண்டு பேருக்கும் ஒரே தடவையா முடிஞ்சுரும்.

அந்தப் பொண்ணு பெல்ட்ட கழட்டிட்டு புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. பிளேன தூக்கி கீழ போட்டப்ப அது சீட்ட விட்டு எழும்பிருச்சு. மண்ட மேல தகரத்துல இடிச்சுச்சு. அந்த நெலமையிலயும் ரெண்டு கையாலயும் புள்ளய எம் பக்கம் நீட்டி, "புடிங்க வாப்பா"ன்னுச்சு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. எனக்குக் காது ஒன்னய மாதிரி இல்ல.

நான் புடிக்கல.

கை ரெண்டும் சீட்டுப் புடியில இருந்துச்சு. எடுக்கல. பயந்துட்டேன்னு எழுதினா நல்லாருக்கும். பயம் வந்த மாதிரி ஞாபகம் இல்ல. புள்ள மூஞ்சியப் பாக்குறேன், அது என்னய பாக்குது, யாரோ யாருகிட்டயோ எதையோ நீட்டுறாங்கன்னு இருக்கேன். கொஞ்சம் முந்தி எம் மீசையில தொங்குன புள்ள. மதினி குறுக்க விழுந்து அத இழுத்தா. இழுத்து எம் மடியில போட்டு அமுக்கிப் புடிச்சுக்கிட்டா. புள்ள கெடந்தது எம் மடி. புடிச்சிருந்தது அவ கை.

இதோட போயிருந்தா சரி. கெழவனுக்குக் கை எழும்பலன்னு விட்டுரலாம்.

பிளேனு நேராகி அந்தப் பொண்ணு கண்ணத் தொறந்து பாத்தப்ப புள்ள எம் மடியில இருக்கு. அது பாத்தது அம்புட்டுத்தான். எறங்கி பெட்டி எடுக்குற எடத்துல புருசனையும் கூட்டிக்கிட்டு ஓடி வந்துச்சு. என் ரெண்டு கையையும் புடிச்சு புள்ள தலையில வச்சு, "இந்தக் கை இல்லாட்டி எம் புள்ள இல்ல வாப்பா"ன்னு அழுதுச்சு. மதினி பக்கத்துல பையத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. நான் இல்ல மக, இந்தா நிக்கிறாளே இவதான்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? மீசையத் தடவிக்கிட்டு, "அதுக்கென்ன மக, தோட்டத்துக் கை, புடிச்சா விடாது"ன்னு பகிடி விட்டேன். பொண்ணு அழுகையோட சிரிச்சுச்சு. சுத்தி நின்ன சனமும் சிரிச்சுச்சு. ஒருத்தரு வந்து கை குடுத்தாரு. அந்தப் புருசங்காரன் ஒரு பேரீச்சம்பழ பெட்டி குடுத்தான். வாங்கிக்கிட்டேன்.

அன்னையிலருந்துதான் கை இப்புடி.

மதினி சண்ட போடல. பதுள வரைக்கும் பஸ்ஸு சன்னலப் பாத்துக்கிட்டே வந்தா. அந்தப் பேரீச்சம்பழத்த அவ தொடல. நான்தான் தின்னு முடிச்சேன். ஏழு மாசம் ஆச்சு.

இப்ப சொல்லு. ஜெயந்தினி புள்ளயத் தூக்கி எங் கையில குடுக்குறா, கை வருமா வராதான்னு எனக்குத் தெரியல. வந்துட்டாலும், மாமன் மடின்னு நீங்க எல்லாரும் சந்தனம் பூசி, வேட்டி எடுத்துக் குடுத்து, சுத்தி நின்னு சிரிப்பீங்க. நான் மறுபடியும் மீசையத் தடவுவேன். எனக்கு என்னயத் தெரியும்.

இந்த எடம் வரைக்கும் மதினிக்கு வாசிச்சுட்டேன். கீர ஆயிறத விடல. ஏன் றோசாலி, அந்தப் பொண்ணு எங் கையப் புடிச்சு அழுதப்ப நான்தான் புடிச்சேன்னு நீ ஏன் சொல்லலன்னு கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்"னா. இத்தன நாளும் ஏன் ஒரு வார்த்த கேக்கலன்னு கேட்டேன். கீரத் தண்ட ஒடிச்சுப் போட்டா. எழுதுங்கன்னா.

எழுதுறேன் விசயா. அவளையும் கேக்கச் சொல்லித்தான் எழுதுறேன். இத்தன வருசத்துல நான் அவகிட்ட ஒரு தடவ கூட பகிடி இல்லாம ஒண்ணு சொன்னதில்ல. இப்ப சொல்றேன். றோசாலி, அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட நான் அப்புடிச் சொன்னப்ப ஒன் மூஞ்சிய நான் பாத்தேன், பாத்துட்டுத்தான் அந்தப் பேரீச்சம்பழ பெட்டிய

எந்திரிச்சுட்டா. சொளகத் தூக்கிக்கிட்டுப் பின்னால போறா. இன்னும் முடியலடி, ஒக்காருன்னு சொன்னேன். பைப்பத் தொறக்குற சத்தம் கேக்குது. கீரயக் கழுவுறா.